சம்பந்தியின் கடல்

எங்கள் வானிலை அலுவலகத்தில் கல்யாணம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று ஊருக்கெல்லாம் தெரிந்தது. மற்றது, காற்றைக் கணக்குப் போடும் மாடலையும் கடலைக் கணக்குப் போடும் மாடலையும் ஒரே கம்ப்யூட்டரில் கோத்து, இனி நீங்கள் இருவருமாகப் பேசிப் புயலைச் சொல்லுங்கள் என்று விடுவது. கடல் மாடலை நாங்கள் பெண் என்போம், காற்று மாடலை மாப்பிள்ளை என்போம். ஆள் முன்கோபி. ஆனால் கடல் கொடுக்கிற சூட்டில்தான் அவன் பிழைப்பு ஓடுகிறது. அவள் கையைச் சுருக்கினால் இவன் அடங்கிவிடுவான். அதனால் பெண் சரியாக அமைய வேண்டும். அந்த வருஷம் பெண் பார்க்கிற பொறுப்பு மேல்வீட்டின் தலையில் விழுந்தது. வந்த இடங்கள் இரண்டு. அதில் ஒன்று கீழ்வீடு பெற்று வளர்த்தது. கஷ்டம் என்னவென்றால், மேல்வீடும் கீழ்வீடும் முதல் வகைக் கல்யாணத்தின்படி ஏற்கெனவே சம்பந்திகள்.

மேல்வீடு என்பது மூன்றாம் மாடியில் மதிப்பீட்டுப் பிரிவை நடத்தும் அம்மாள். யார் எந்த மாடலைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் அதைச் சோதித்து மார்க் போடுவது அவர் வேலை. கீழ்வீடு, முதல் மாடியில் கடல் மாடல் கட்டும் குழுவின் தலைவி. இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்து, ஒரே டப்பாவில் சாப்பிட்டு, தலை நரைக்கும்வரை ‘வாடி போடி’ என்று கிடந்தவர்கள். பிறகு மேல்வீட்டின் மகளுக்கும் கீழ்வீட்டின் மகனுக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போய்க் கல்யாணம் ஆயிற்று. ‘டி’ அன்றோடு ஒழிந்தது. “ஏண்டி, சாப்டியா?” என்றிருந்த கேள்வி, “சம்பந்தி, சாப்டாச்சுங்களா?” என்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டது. மரியாதை கூடிற்று, சிரிப்பு குறைந்தது. ‘சம்பந்தி’ என்று யாராவது சொன்னால் இரண்டு மாடியிலும் தலைகள் திரும்பின என்பதால், வாடகை வீட்டுக் கணக்கில் மேல்வீடு, கீழ்வீடு என்று நாங்கள் பிரித்துக்கொண்டோம். முகத்துக்கு நேரே நான் இருவரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

நான் இரண்டாம் மாடி. கடலில் விட்டிருக்கும் மிதவைகள் தாமாக முங்கி, ஆழத்தின் சூட்டை அளந்து, மேலே வந்து செய்தி அனுப்பும். பாசி பிடித்தது, வலையில் மாட்டிப் படகில் வெயில் காய்ந்தது என்று அதில் பலவித உளறலும் கலந்து வரும். உளறலைக் கழித்து உண்மையை நிறுத்துவது என் வேலை. அதனால் எனக்குச் சல்லடை என்று பெயர். இந்தக் கதையில் எனக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. மூவரும் ஒரே பேட்டையில் குடியிருப்பதால் தினமும் என் காரில் போய் வருவோம். அவ்வளவே உறவு.

கடலைப் பற்றி ஒன்று தெரிந்தால் போதும், மீதி புரிந்துவிடும். புயல் காலத்தில் கடலின் மேல்தோல் எங்கும் சூடாகத்தான் இருக்கும். அதை நம்பி ஏமாறக் கூடாது. பல இடங்களில் அந்தச் சூடு மேலோட்டம். புயல் வந்து கலக்கினால் அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வரும், புயல் தன் அடுப்பில் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டு தளர்ந்துபோகும். சில இடங்களில் மட்டும் சூடு ஆழம்வரை இறங்கியிருக்கும். எத்தனை கலக்கினாலும் வெந்நீர்தான் வரும். அந்த இடத்துக்கு நாங்கள் சட்டி என்று பெயர் வைத்திருக்கிறோம். சட்டியின் மேல் ஏறிவிட்ட புயல் பொழுது சாய்வதற்குள் பேயாக எழும்பும். சட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று சொல்வதுதான் கடல் மாடலின் உத்தியோகம்.

பரீட்சை எளிது. போன சில சீசன்களின் புயல்களை எடுத்துக்கொண்டு, அன்றன்று கடல் எப்படி இருந்தது என்று மாடல்களைச் சொல்லச் சொல்ல வேண்டும். சொன்னதை என் மிதவைகள் அளந்ததோடு இடத்துக்கு இடம் ஒப்பிட்டு, விலகின அளவுக்கு மார்க்கைக் குறைக்க வேண்டும். இந்த முறையை வகுத்தது மேல்வீடு. வேறு வானிலை மையங்களிலும் அவர் பெயரைச் சொல்லித்தான் இதை நடத்துகிறார்கள். மார்க் வந்தபிறகு விதியை மாற்றக் கூடாது என்பதும் அந்த விதியிலேயே இருக்கிறது.

“சார், இந்த வருஷம் வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க. ஒரு மாடல் என் சம்பந்தியோடது,” என்று மேல்வீடு முதலிலேயே பெரியவரிடம் சொல்லிப் பார்த்தார். பெரியவர் எங்கள் மையத்தின் தலைவர். உலகத்தில் உள்ள எல்லா விஷயமும் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

“நம்பருக்குச் சொந்தபந்தம் கிடையாதும்மா. ஒரே பக்கத்துல ஒரு டேபிள். அவ்ளோதான்.”

ஜெயிக்கிற கடலுக்கு மாப்பிள்ளை. தோற்கிற கடலை மூடிவிடுவது. இதையும் பெரியவர்தான் சொன்னார். கீழ்வீட்டுக்கு அந்த மாடல் வெறும் வேலை இல்லை. மகன் பரீட்சை எழுதிய வருஷம் அவன் என்ன படித்தான் என்று அவருக்குத் தெரியாது, மாடல் எங்கே தடுக்கி நின்றது என்று தெரியும். மகனே சிரித்துக்கொண்டு சொல்லுவான், “எனக்கு ஒரு அக்கா இருக்கா, கம்ப்யூட்டர்ல.”

யாருடையது எது என்று தெரியாமல் இருக்க, ‘முதல் பெண்’, ‘இரண்டாம் பெண்’ என்று என் கையாலேயே பெயர் மாற்றிக் கொடுத்தேன். மேல்வீடு முதல் படத்தைப் பார்த்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடிக்காமல் எப்படி? கீழ்வீட்டின் மாடல் எதையும் பட்டும் படாமலும் சொல்லாது. சட்டி என்றால் இங்கே, இத்தனை அகலம், இத்தனை ஆழம் என்று போட்டு உடைக்கும். பெற்றவளும் அப்படித்தான். மற்றது ஒரு வெளி நிறுவனத்தின் சரக்கு. அதன் கடல் கரைக்குக் கரை இஸ்திரி போட்டது போல் வழவழவென்று இருந்தது. சட்டியும் இல்லை, பானையும் இல்லை.

வழவழப்புதான் ஜெயித்தது. சொற்ப வித்தியாசம் இல்லை, நல்ல வித்தியாசம்.

முடிவைச் சொன்ன கூட்டத்தில் நானும் இருந்தேன். கீழ்வீட்டுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அன்று கிட்டத்தட்டத் தரையில் இருந்தது.

“சம்பந்தி, ஒரு சின்ன கேள்வி. இந்தப் புயலப்போ இந்த இடத்துல சட்டி இருந்துச்சா, இல்லையா?”

“இருந்துச்சு.”

“என் மாடல் சட்டி இருக்குன்னு சொல்லிச்சா?”

“சொல்லிச்சு. நாப்பது கிலோமீட்டர் மேற்கே தள்ளிச் சொல்லிச்சு.”

“சரி, தள்ளித்தான். இருக்கற இடத்துல இல்லைன்னு சொன்னதுக்கு ஒரு அடி குடுத்தீங்க. இல்லாத இடத்துல இருக்குன்னு சொன்னதுக்கு இன்னொரு அடி. அந்தப் பொண்ணு, சட்டின்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாதுன்னு வாய மூடிட்டு உக்காந்திருக்கு. அதுக்கு ஒரே அடி. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு சொல்லுவாங்க. அத மார்க் ஷீட்லயே இப்பதான் பாக்கறேன்.”

“விதி அதுதான் சம்பந்தி. எல்லாருக்கும் அதே விதிதான்.”

“விதி தப்பு.”

“மார்க் வந்தப்புறம் விதி தப்புன்னா, அதுக்கு வேற பேரு. முன்னாடி சொல்லியிருக்கணும்.”

“முன்னாடி எனக்கு அடி விழலையே! வலிச்சாத்தானே தெரியும்?”

பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் முடிந்தது. முறைப்படி கையெழுத்தாகும் கூட்டம் அடுத்த வாரம் என்றார்கள்.

என்னைக் கேட்டால் இருவர் சொன்னதும் சரி. ஒரு தப்புக்கு இரண்டு தண்டனை அநியாயம். மார்க்கைப் பார்த்துவிட்டு விதியை வளைப்பது அதைவிட அநியாயம். ஆனால் ஒன்று கவனித்தேன். இதே கேள்வியை வேறு யாராவது கேட்டிருந்தால் மேல்வீடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “திரும்பச் சொல்லுங்க,” என்றிருப்பார். சம்பந்தி கேட்டதால் காதை மூடிக்கொண்டார். சொந்தத்துக்குச் சாய்ந்தாள் என்ற பேர் வந்துவிடக் கூடாது என்று பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டார். அவரோ, தாம் நேராக நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் காரில் இடம் மாறிற்று. எப்போதும் இருவரும் பின்னால் உட்காருவார்கள். அன்று கீழ்வீடு முன்னால் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மூன்று சிக்னல் தாண்டிற்று.

“தம்பி,” என்றார் கீழ்வீடு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு. “பின்னால இருக்கறவங்ககிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. எதுவுமே சொல்லாம, வருஷாவருஷம் இந்த மாசத்துல கடல் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும்னு ஒருத்தர் சொன்னா, நூத்துக்கு நூறு போட்டுடுவாங்களா?”

“அக்கா, காதுல விழுந்திருக்கும்,” என்றேன்.

“விழுந்தா பதில் வரணுமே.”

கண்ணாடியில் பார்த்தேன். மேல்வீடு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி சுருங்கியிருந்தது. கோபத்தில் சுருங்குவதற்கும் கணக்குப் போடுகையில் சுருங்குவதற்கும் வித்தியாசம் உண்டு. இது இரண்டாவது.

மேல்வீட்டை இறக்கிவிட்டுக் கீழ்வீட்டின் வாசலுக்குப் போனபோது மருமகள், அதாவது மேல்வீட்டின் மகள், கேட்டைத் திறந்தாள். மாமியார் உள்ளே போனதும் என் ஜன்னலுக்குக் குனிந்தாள்.

“மாமா, அங்க என்னதான் நடக்குது? ஏதோ பரீட்சைன்னாங்க, அதுலேருந்து அத்தை என்கிட்ட ‘உப்பு போதுமா?’ன்னு மட்டும்தான் கேக்கறாங்க. அம்மா போன் பண்ணி, ‘உடம்பு நல்லாருக்கா?’ன்னு கேட்டுட்டு வெச்சிடறாங்க. ரெண்டு பேரும் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி தூக்கி வெச்சிருக்காங்க. ஒரு தடவ திட்டினாக்கூடத் தேவல.”

“தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு இருக்கு பாரு, அதும்மா,” என்று எதையோ சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்கு ஆறுதல் ஆகியிருக்காது. எனக்கு ஆறுதல் சொல்ல வராது.

மறுநாள் மேல்வீடு படி இறங்கி என் மேஜைக்கு வந்தார். அவர் இறங்கி வருவது அபூர்வம்.

“தம்பி, உங்ககிட்ட பழைய மிதவைக் கணக்கெல்லாம் இருக்கில்ல? மாசாமாசம், இடத்துக்கு இடம், கூட்டி வகுத்து ஒரு சராசரிக் கடல் செஞ்சு குடுங்க. பரீட்சைல வர்ற வருஷங்கள விட்டுடுங்க, அதுக்கு முந்தினது மட்டும்.”

“முன்னெல்லாம் அது டேபிள்ல இருந்துச்சே அக்கா. அதைத் தாண்டாதது மாடலே இல்லைன்னு.”

“இருந்துச்சு. ஒரு பக்கத்துல அடங்கலன்னு பெரியவர் எடுக்கச் சொன்னார். நானும் எடுத்தேன்.” போகத் திரும்பினார். “யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். முக்கியமா முன் சீட்ல.”

செய்து கொடுத்தேன். அது மாடல் இல்லை, காலண்டர். ஒரு மாதத்துக்கு ஒரு கடல், புயல் வந்தாலும் வராவிட்டாலும் அதே கடல். அந்த வாரம் முழுக்க ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் உட்கார்ந்திருக்க, இருவருக்கும் நடுவில் அந்த ரகசியத்தோடு வண்டி ஓட்டினேன்.

கையெழுத்துக் கூட்டத்தில் அட்டவணை திரையில் விழுந்தது. இரண்டு வரிசை இருந்த இடத்தில் மூன்று இருந்தது.

“மூணாவது யாரு? கடைசி நேரத்துல?” என்றார் பெரியவர்.

“இன்னொரு இடம் வந்துச்சு சார். அதே புயல், அதே மிதவை, அதே விதி.”

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மூன்றாம் பெண்ணின் வரிசை முழுக்கப் பச்சை. இஸ்திரிக் கடலையும் தாண்டியிருந்தது. கீழ்வீடு தன் பெயரைத் தேடி மூன்றாம் இடத்தில் பார்த்துவிட்டு, பேனாவை மூடினார். இரண்டிலிருந்து மூன்றுக்கு இறக்கிவிட்டார்கள் என்று அந்த முகம் சொல்லிற்று.

“அட, நல்ல அடக்கமான பொண்ணா இருக்கே! கம்ப்யூட்டர் நேரம் எவ்ளோ தின்னும்?”

“எதுவும் தின்னாது சார்.”

“அப்பறம் என்ன யோசனை? இதையே முடிச்சிடுவோம்.”

“முடிவா எழுதிக்கலாமா?”

“எழுதிக்குங்க.”

மேல்வீடு எழுதிக்கொள்ளவில்லை. எழுந்து நின்றார். “சார், அது மாடல் இல்ல. பழைய வருஷங்களோட சராசரி. புயல்னு ஒண்ணு இருக்கறதே அதுக்குத் தெரியாது. உங்க பின்னால சுவத்துல தொங்குதே காலண்டர், அதுவும் இதுவும் ஒண்ணு. அதுக்கு என் விதி முதல் மார்க் போட்டிருக்கு. நீங்களும் மாப்பிள்ளைக்கு அதையே கட்டி வெக்கச் சொல்றீங்க.”

யாரும் திரும்பிக் காலண்டரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பெரியவரும் திரும்பினார்.

“மார்க்கப் பாத்து நான் விதிய மாத்தல,” என்று மேல்வீடு தொடர்ந்தார். “விதியையே பரீட்சைக்கு உக்கார வெச்சேன். ஃபெயில் ஆயிடுச்சு. வாய மூடிட்டு இருக்கறவங்களுக்குத்தான் இது மார்க் போடுது. இத்தனை வருஷமா போட்டிருக்கு. அதனால ரெண்டு பேருக்கும் நான் போட்ட மார்க் செல்லாது. புதுசா விதி எழுதுங்க. வர்ற சீசனுக்கு முன்னாடியே எழுதிடுங்க, இன்னும் வராத புயலுக்கு. அத வேற மையத்து ஆள் நடத்தட்டும். நான் அதுல இருக்க மாட்டேன். இதுலயே இருந்திருக்கக் கூடாது.”

அவர் உட்கார்ந்தபோது அவருக்காக எனக்கு வருத்தமாக இருந்தது. ஓய்வு பெறும்போது அவருக்கென்று மிஞ்சப்போவது அந்த முறை ஒன்றுதான். அதை அன்று தானே குழி வெட்டிப் புதைத்தார். அதை எடுத்தாண்ட மையங்களுக்கெல்லாம், இதை இனிப் பயன்படுத்த வேண்டாம், காரணம் கீழே, என்று அந்த வாரமே தானே எழுதினார். கீழே பெயரையும் போட்டார்.

இதைக் கேட்டுக் கீழ்வீடு ஓடி வந்து கட்டிக்கொண்டிருப்பார் என்று நினைப்பவர்களுக்குச் சம்பந்திகளைப் பற்றித் தெரியாது. நடைபாதையில் மேல்வீட்டின் முன்னால் போய் நின்று, “பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல. இன்னும் ஒரு சீசனுக்குத் தொங்கணும். நல்ல நியாயம் சம்பந்தி,” என்று சொல்லிவிட்டுப் போனார். முன் சீட்டிலேயே உட்கார்ந்தார்.

புது விதியைப் புது ஆட்கள் எழுதினார்கள். அதில் மூன்று கேள்விகள் தனித்தனியே இருந்தன. சட்டி இருந்ததைச் சொன்னாயா? எவ்வளவு தூரம் தள்ளிச் சொன்னாய்? ஆழம் சரியா? தள்ளிச் சொன்னால் தள்ளின அளவுக்கு மட்டுமே குறையும். இரண்டு முறை அடிக்க வழியில்லை. சொல்லாமலே இருந்தால் அதற்குத்தான் பெரிய வெட்டு. சீசன் தொடங்கும்வரை யார் வேண்டுமானாலும் தம் மாடலைத் திருத்தலாம். அந்த ஒரு சீசனுக்கு மாப்பிள்ளைக்கு இரண்டு சம்சாரம். இருவரோடும் தனித்தனியே ஓடினான். முன்னறிவிப்பு சொல்பவர்கள் இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம்.

கீழ்வீடு நாற்பது கிலோமீட்டரை நகர்த்தப் பார்த்தார். கடலுக்கடியிலுள்ள மேடுபள்ளங்களின் வரைபடத்தைத் திருத்தினார், நீரோட்டத்தின் வேகத்தைக் குறைத்தார், குழுவில் இருந்தவர்களை விரட்டினார். சட்டிகள் ஆழத்தில் திருந்தின, அகலத்தில் திருந்தின. இடத்தில் மட்டும் மேற்கே மேற்கே என்று ஒட்டிக்கொண்டு நின்றன. “தலைகீழா நின்னு பாத்துட்டேன் தம்பி, நகர மாட்டேங்குது,” என்றார் ஒரு நாள் காரில். பின் சீட்டில் ஒரு பெருமூச்சு கேட்டது. கீழ்வீடு அது கேட்காத மாதிரி இருந்தார்.

சீசனின் முதல் படங்கள் வந்தபோது நான்தான் முதலில் பார்த்தேன். பார்த்துவிட்டு மேல்வீட்டை அழைத்தேன். அந்த வெளி நிறுவனத்தின் இஸ்திரிக் கடலில் சட்டிகள் இருந்தன. ஒன்றில்லை, வரிசையாக. என் மிதவைகள் சொன்ன இடத்தில், சொன்ன ஆழத்தில். மேல்வீடு அங்கிருந்தே அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டார். எதிர்முனையில் ஓர் ஆள் உற்சாகமாகப் பேசினார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“இது புதுசு இல்ல மேடம். சட்டியெல்லாம் எங்ககிட்ட முன்னாடியே இருந்துச்சு. உங்க பழைய மார்க் முறைக்கு அது ஒத்து வரல. கொஞ்சம் தள்ளிப் போச்சுன்னா ரெண்டு அடி விழுதே! அதனால எல்லாத்தையும் தேச்சு வழவழன்னு ஆக்கி அனுப்பினோம். இப்போ தேய்க்கறத விட்டுட்டோம். நீங்க விதிய எடுத்தீங்களே, ரொம்ப தேங்க்ஸ் மேடம்.”

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளைக்கு வாய் இருந்தது. வாயைத் திறந்தால் அடி என்று வளர்த்தது எங்கள் பரீட்சை. மேல்வீடு போனை வைத்துவிட்டு, அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்தார். “இத நான் செஞ்சேன், தம்பி,” என்றார். முன்பு தேய்த்ததைச் சொன்னாரா, இப்போது தேய்க்காததைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. இரண்டும் அவர்தான்.

நடு சீசனில் பெரிய புயல் ஒன்று வந்தது. வழியில் ஒரு சட்டி இருந்தது. கீழ்வீட்டின் கடலில் அந்தச் சட்டி மேற்கே ஒதுங்கி நின்றதால் புயல் அதைத் தொடாமல் குளிர்ந்த நீரில் போய்த் தளர்ந்தது. வெளி நிறுவனத்தின் கடலில் அது சட்டியின் நடுவயிற்றில் ஏறி எழும்பிற்று. நிஜத்தில் எழும்பிற்று. முன்னறிவிப்புக்காரர்கள் அந்த முறை எழும்பும் என்று சொன்ன கடலை நம்பினார்கள். கரையோரத்தில் ஆட்களை நேரத்தோடு நகர்த்திவிட்டார்கள். வீடுகள் போயின, ஆட்கள் இருந்தார்கள். கீழ்வீடு அன்று என் மேஜையருகே நின்று இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். “என்னோடத நம்பியிருந்தா…” என்றார்.

சீசன் முடிந்து மார்க் வந்தது. காலண்டர் கடைசி. அதற்கு மேலே, நல்ல உயரத்தில், கீழ்வீடு. அதற்கும் மேலே மற்றது. சட்டியைச் சொன்னாயா என்பதில் இருவருக்கும் சமம். ஆழத்தில் கீழ்வீட்டுக்கு ஓர் இழை கூட. தூரத்தில் தோல்வி. பெரியவர் ஒரே பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். கீழ்வீட்டின் மாடலை மாதக் கடைசியோடு நிறுத்துவது, குழுவை வெளி மாடலைப் பராமரிக்கும் வேலைக்கு மாற்றுவது. ஆக, மேல்வீடு பேசாமல் இருந்திருந்தாலும் முடிவு இதுதான். தோல்வி ஒரு வருஷம் தள்ளி வந்தது, அவ்வளவே. நானாக இருந்தால் முதல் தோல்வியோடு விட்டிருப்பேன்.

அன்று சாயங்காலம் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். மேல்வீடு முன்பே பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தார். கீழ்வீடு வந்தார். நான் எட்டி முன் கதவைத் திறந்துவிட்டேன். அவர் அதை வெளியிலிருந்து சாத்திவிட்டு, பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

சிக்னல்கள் போயின. மேல்வீடுதான் ஆரம்பித்தார்.

“சம்பந்தி, அன்னிக்கு நான் பேசாம இருந்திருக்கணும். அவன் தேச்சே அனுப்பிட்டிருப்பான். அவனுக்கு வாயைக் குடுத்தது நான். உங்க கைல இருந்து நானே புடுங்கி அவன்கிட்ட…” கண்ணாடியில் பார்த்தேன். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். அத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

கீழ்வீடு ரோட்டைப் பார்த்தார்.

“போன தடவ நான் மத்தளம். ரெண்டு பக்கமும் வாங்கினேன்,” என்றார். “இந்தத் தடவ உரல். ஒரு தப்புக்கு ஒரு இடி. அது தாங்கும்.” பிறகு, குரல் இன்னும் இறங்கி, “நீ எதுக்குடி அழற?”

‘டி’ என்று கேட்டதும் என் கால் தானாக பிரேக்கில் போயிற்று. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

மேல்வீடு தலைப்பை எடுத்தார். மூக்கை உறிஞ்சினார். “நாப்பது கிலோமீட்டர்டி,” என்றார். “எத்தன வருஷமா சொல்றேன், மேற்கே போகுதுன்னு.”

“தெரியும்டி. வாய மூடு.”

வழக்கமாக மேல்வீட்டின் தெருவில் முதலில் திரும்ப வேண்டும். யாரும் திரும்பச் சொல்லவில்லை. நானும் கேட்காமல் நேரே கீழ்வீட்டுக்கு விட்டேன். கேட்டைத் திறந்த மருமகள், பின் சீட்டில் இரண்டு தலைகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“அத்தை, என்ன ஆச்சு?”

“தோத்துட்டேன்,” என்றார் கீழ்வீடு, இறங்கிக்கொண்டே. “உங்கம்மா உள்ள வர்றா. டீ போடு.”